ஜன்னல் என்று எழுத மறந்த நோட்டீஸ்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தங்கையும் நன்றாக இருக்கிறோம், அங்கே நீயும் மருமகளும் குட்டியும் எங்களைவிட ஒரு பிடி கூடவே நன்றாக இருக்க வேண்டும். குட்டிக்கு மேல்பல் வந்துவிட்டதா, கடிக்கிறாளா, கடித்தால் அதட்டாதே, நீ கடித்த தழும்பு என் தோளில் இன்னும் இருக்கிறது, நான் உன்னை அதட்டவில்லை. மருமகளுக்கு முதுகுவலி என்றாயே, குழந்தையை ஒரே இடுப்பில் தூக்கக் கூடாது, மாற்றி மாற்றித் தூக்கச் சொல். எழுதுவது என்று சொன்னேனே தவிர, பேனா பிடித்திருப்பது உன் தங்கை பல்லிதான். என் வலதுகைக் கட்டைவிரல் போன மாதத்திலிருந்து சரியாக மடங்குவதில்லை, இத்தனை வருஷம் துணி பிழிந்து பிழிந்து அது தனக்கென்று ஒரு திசையில் நின்றுவிட்டது, மாத்திரை சாப்பிடுகிறேன், கவலைப்படாதே. நான் வாய்க்கு வந்தபடி சொல்லிக்கொண்டே போகிறேன், அவள் அதைப் புத்தகத்தில் இருப்பதுபோல் நேராக்கி எழுதுகிறாள். ஒன்பதாவதோடு நின்றவள் எழுத்து என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இந்த வரியை எழுத மாட்டேன் என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டாள், நான் சொல்றத எழுதத்தானே உட்கார்ந்தே, எழுதுடி என்று சொல்லி எழுத வைத்தேன்.

போனிலேயே சொல்லலாமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ எப்போதும் வேலைக்கு நடுவே ஒரு மூச்சில் பேசுகிறாய், பின்னால் வண்டிச் சத்தம், யாரோ உன்னைக் கூப்பிடும் சத்தம், எனக்குப் பதற்றத்தில் சரி சரி என்றுதான் வாயில் வருகிறது. வைத்த பிறகுதான் எதற்குச் சரி சொன்னோம் என்று யோசனை வருகிறது. போன தடவையும் அப்படித்தான். உன் வீட்டுக்குப் பக்கத்தில் பெட்டி கட்டும் கம்பெனியில் பல்லிக்கு வேலை சொல்லி வைத்திருப்பதாகவும், முப்பது பெண்கள் வரிசையாக நின்று பெட்டி கட்டும் இடம், யாரோடும் பேச வேண்டியதில்லை, அவளுக்கு அதுதான் தோது என்றும் சொன்னாய். மாத முடிவுக்குள் டிக்கெட் போட்டுவிடவா என்றாய், நான் சரி என்றேன். நாங்கள் ஜன்னல் கழுவும் வேலைக்குப் போவதைச் சொன்னதும் உனக்குக் கோபம் வந்துவிட்டது, "ஊரான் வீட்டு ஜன்னல்ல ஒட்டிக்கிட்டு நிக்கவாம்மா அவள வளர்த்தே" என்று கேட்டாய். போனை நான் சத்தமாக வைத்திருந்தேன், அது அவள் காதிலும் விழுந்தது. அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "பல்லின்னு பேர் வச்சதே அவன்தான், பல்லின்னா ஒட்டத்தானே செய்யும்" என்று மெதுவாகச் சொன்னாள். நான் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை. நான் சொன்ன அந்தச் சரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இன்று காலையிலிருந்து விடாத மழை, மழையில் எங்களுக்கு வேலை கிடையாது, கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்துவிட்டு இரண்டு பேரும் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டோம்.

முதலில் இந்த வேலை எப்படி வந்தது என்று சொல்கிறேன். அவள் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் வீடு துடைக்கப் போகும் இடங்களுக்கெல்லாம் கூட வந்தாள், உனக்குத் தெரியும். எழுந்து நின்று படி என்று வாத்தியார் சொன்னால் அவளுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும், பின்னால் இருப்பவர்கள் சிரிப்பார்கள், அதைத் தாங்காமல்தான் நின்றாள், படிப்பு வராமல் இல்லை. வேலை செய்யும் வீடுகளிலும் அதே கதை. தரை துடைத்தால் அந்த வீட்டம்மா பக்கத்தில் வந்து நின்று உன் பேரென்ன, ஏன் படிக்கல, கல்யாணம் எப்போ என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஜன்னல் துடைத்தால் முதுகைத்தானே பார்க்க முடியும், முதுகோடு யாரும் பேச மாட்டார்கள். அதனால் எந்த வீட்டுக்குப் போனாலும் ஜன்னலை அவள் எடுத்துக்கொண்டாள், எடுத்துக்கொண்டு எடுத்துக்கொண்டு கை படிந்துவிட்டது. ஒருநாள் திரும்பி வரும் வழியில், "அம்மா, தரையை எல்லாரும் அவங்களே துடைச்சுக்கிறாங்க, ஜன்னலை யாரும் தொடறதில்ல, நாம அதை மட்டும் செஞ்சா என்ன" என்றாள். அவள் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது எனக்கே புதிது, அதற்காகவே சரி என்றேன். உன் அம்மாவுக்கு வேறென்ன சொல்லத் தெரியும்.

பழைய நோட்டிலிருந்து தாள் கிழித்து நாற்பது நோட்டீஸ் எழுதினாள். நல்ல கையெழுத்து, அழகாகக் கோடு போட்டு, "கண்ணாடி துடைத்துத் தரப்படும். வீட்டுக்கே வந்து செய்வோம். கறை இருக்காது" என்று எழுதி, கீழே நம் நம்பரும் விலாசமும். மருந்துக்கடை, சலவைக்கடை, நம் மாடிப்படி, பஸ் நிறுத்தம், எல்லா இடத்திலும் ஒட்டினோம். முதல் போன் வந்தது, எடுத்தால் ஒரு பெரியவர், "மூக்குக்கண்ணாடியா, முகம் பாக்குற கண்ணாடியா" என்கிறார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, நாற்பது நோட்டீஸிலும் ஜன்னல் என்ற சொல்லே இல்லை. அவளுக்கு ஜன்னல் தவிர வேறு கண்ணாடி உலகத்தில் இருப்பதே நினைவில் இல்லை போலிருக்கிறது. நான் கட்டிலில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன், அவள் முகம் சிவந்து கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். மறுநாள் காலை யாரோ கதவைத் தட்டினார்கள், பார்த்தால் மூன்றாவது தெருவில் கடிகாரம் பழுது பார்க்கிறவர், கைக்குட்டையில் மூன்று மூக்குக்கண்ணாடிகளை முடிந்து எடுத்துக்கொண்டு இரண்டு மாடி ஏறி வந்திருக்கிறார். நான் விஷயத்தைச் சொல்லலாம் என்று வாயெடுப்பதற்குள் பல்லி அதை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இல்லை என்று சொல்வதற்கு ஒரு வார்த்தை பேச வேண்டுமே, அதைவிடக் கழுவித் தருவது அவளுக்குச் சுலபம். சோப்புத் தண்ணீரில் அலசி, மெல்லிய துணியில் ஒற்றி, மூக்கில் உட்காரும் இடத்து அழுக்கைக்கூட நூல் விட்டு எடுத்துக் கொடுத்தாள். அவர் ஒன்றைப் போட்டுக்கொண்டு தெருவைப் பார்க்க நம் ஜன்னல் பக்கம் திரும்பினார். பிறகு, "ஏம்மா, தப்பா எடுத்துக்காதீங்க, உங்க வீட்டு ஜன்னல் இவ்வளவு அழுக்கா இருக்கே" என்றார்.

ஜன்னல் துடைக்கத்தான் நோட்டீஸ் போட்டோம் என்று அந்த ஜன்னலுக்கு முன்னால் நின்றுகொண்டு எந்த முகத்தோடு சொல்வது. ஆனாலும் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் மேல்மாடிக் குழந்தை எழுந்து அழுதுவிட்டது. நல்ல மனிதர், காசு நீட்டினார், நாங்கள் வாங்கவில்லை, அப்படியானால் என் கடை முகப்பு முழுக்கக் கண்ணாடிதான், வந்து செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அதுதான் முதல் வேலை. அவர் போகிற இடத்திலெல்லாம் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே எங்களுக்கு அந்தத் தெரு முழுக்க ஆள் பிடித்துக் கொடுத்தார். நோட்டீஸ்களைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றேன், பல்லி கேட்கவில்லை, ஒவ்வொன்றாகப் போய் "கண்ணாடி" என்பதற்கு முன்னால் ஒரு கூரைக்குறி போட்டு மேலே "ஜன்னல்" என்று சின்னதாகச் செருகிவிட்டு வந்தாள். அந்தக் குறியைப் பார்த்தாலே இப்போது எல்லாரும் எங்களைத்தான் சொல்கிறார்கள்.

நம் வீட்டு ஜன்னல் ஏன் அழுக்கு என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் அப்பா இருந்தவரை ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர்தான் துடைப்பார். தான் வேலை பார்த்த அச்சகத்திலிருந்து பாழான பேப்பரைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து, ஈரம் பண்ணிக் கசக்கித் தேய்ப்பார், செய்தித்தாளில் வருகிற பளபளப்பு எந்தத் துணியிலும் வராது என்பது அவர் கட்சி. கண்ணாடி பளிச்சென்று ஆகிவிடும், கை இரண்டும் மை. அந்தக் கையால் உன் மூக்கைப் பிடித்துத் திருகிவிட்டு, முதலாளி மூக்குல இன்னைக்குத் தலைப்புச் செய்தி என்பார். அவர் போன பிறகு நான் வேலைக்குப் போக ஆரம்பித்தேன், நாள் முழுக்க அடுத்தவர் வீட்டைத் துடைத்துவிட்டு வந்து நம் வீட்டுக் கண்ணாடியைத் தொடக் கை வரவில்லை. சாயங்காலம் கதவைத் திறந்து உள்ளே வந்ததும் நான் முதலில் பார்ப்பது உங்கள் முகத்தை இல்லை, ஜன்னலைத்தான். மேலே ஒரு மூக்குத் தடம், கீழே ஒரு மூக்குத் தடம். எந்தத் தடம் தெளிவாக இருக்கிறதோ அந்தப் பிள்ளை அன்றைக்கு அதிக நேரம் எனக்காகக் காத்து நின்றிருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் கீழே இருப்பதுதான் தெளிவாக இருக்கும், அதனால்தானே நீ அவளுக்குப் பல்லி என்று பெயர் வைத்தாய். மழைநாளில் ஊதி ஊதிக் கண்ணாடியை மங்கலாக்கி அதில் விரலால் அவளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாயே, நினைவிருக்கிறதா. அ எழுதி ஆ எழுதுவதற்குள் அ வழிந்து கீழே ஓடிவிடும், அவள் அதைப் பிடிக்கப் போவாள். சிலேட்டு வாங்கிக் கொடுக்க முடியவில்லையே என்று எனக்கு அப்போது அழுகை வரும், இப்போது நினைத்தால் உங்களுக்கு வாய்த்த மாதிரி சிலேட்டு யாருக்கு வாய்த்தது என்று தோன்றுகிறது.

பேச்சு எங்கேயோ போய்விட்டது. ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையில் புதிதாகப் பல் ஆஸ்பத்திரி ஒன்று வந்திருக்கிறது, மூன்று பக்கமும் கண்ணாடி. அந்த டாக்டரம்மா கடிகாரக்காரர் சொல்லி எங்களைக் கூப்பிட்டார். நாற்காலில படுத்துட்டு வாயைத் திறந்துக்கிட்டு ஆளுங்க பாக்குறது இந்த ஜன்னலைத்தான், அதுல கறை இருந்தா என் கையும் அப்படித்தான் இருக்கும்னு நினைப்பாங்க என்றார், எனக்கு அது நியாயமாகப் பட்டது. நாங்கள் பெரிய இடம் என்ற மிதப்பில் நல்ல வெயில் நேரத்தில் போய் நுரை போட்டுத் தேய்த்து ரப்பர் பட்டையால் வழித்தோம், செய்தபோது நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் காலை டாக்டரம்மா போன், "நேத்து நீங்க வந்தீங்களா இல்லையா" என்று கேட்டார். போய்ப் பார்த்தால் கண்ணாடி முழுக்க நத்தை ஊர்ந்த மாதிரி கோடு. வெயிலில் சூடான கண்ணாடி சோப்புத் தண்ணீரை நாங்கள் வழிப்பதற்குள் குடித்துவிட்டிருக்கிறது. இத்தோடு இந்த வேலை போதும் என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டேன். பல்லி ஒரு கோட்டைத் துடைத்துப் பார்த்தாள், போகவில்லை, அது மறுபக்கம் இருக்கும் கோடு. உள்ளே போய்த் துடைத்தால் வெளியே ஒன்று தெரிகிறது. இப்படியே அரைமணி நேரம் உள்ளும் வெளியும் ஓடிவிட்டு, அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள், வெளிப்பக்கம் மேலிருந்து கீழாக வழிப்பது, உள்பக்கம் இடமிருந்து வலமாக வழிப்பது. அப்புறம் கோடு நின்றால் நிற்கிற தினுசைப் பார்த்தே எந்தப் பக்கத்துக் கோடு என்று தெரிந்துவிடும், ஓட வேண்டியதில்லை. இதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மறுநாள் வெயில் ஏறுவதற்குள் போய், நான் உள்ளே அவள் வெளியே நின்று, முழுவதையும் திரும்பச் செய்தோம்.

அன்றைக்குத்தான் நான் அதைப் பார்த்தேன். அதை உனக்குச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன் என்றுகூட வைத்துக்கொள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அவள் பேசுகிறாள். சத்தம் வராது, வாயை மட்டும் அசைப்பாள், ஆனால் முழு முழு வாக்கியமாகப் பேசுகிறாள். அம்மா, உன் பக்கம் மூலையில ஒரு ஈ செத்துக் கிடக்கு. அம்மா, ரப்பரைத் துடைச்சுட்டு இழு. அம்மா, பின்னாடி பாரு. திரும்பிப் பார்த்தால் முதல் ஆளாக வந்த ஒரு பெரியவர் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருக்கிறார், இவள் வெளியே நின்று அவரைப் போலவே வாயைப் பிளந்து காட்டுகிறாள். அவர் சிரிக்க, டாக்டரம்மா யாரது என்று திரும்ப, இவள் சட்டென்று கீழே உட்கார்ந்து மறைந்துவிட்டாள். ஐந்து வருஷமாக வீட்டில் உம் என்பதும் உஹூம் என்பதுமாக இருந்த பெண். நான் துடைப்பதை விட்டுவிட்டு நின்றுவிட்டேன், கண்ணில் சோப்புத் தண்ணீர் பட்டுவிட்டது என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். போன வாரம் இன்னும் ஒரு படி மேலே போய், டாக்டரம்மாவே கண்ணாடி வழியாக ஏதோ கேட்க, இவள் கையை உயர்த்திப் பத்து நிமிஷம் என்று வாயசைத்திருக்கிறாள். எனக்கே இப்போது அவளோடு கண்ணாடி வழியாகப் பேசுவதுதான் பிடித்திருக்கிறது. சமையலறைக் கதவில் ஒரு கண்ணாடி போட்டுவிட்டால் நல்லது.

இப்போது டாக்டரம்மா ஒரு ஏற்பாடு சொல்லியிருக்கிறார். அவருடைய ஆஸ்பத்திரியும், அந்தச் சாலையில் வரிசையாக இருக்கும் எட்டுக் கடைகளும், வாரம் இரண்டு நாள், நிரந்தரமாக எங்களுக்கே. நீ பயப்படுகிற மாதிரி தொங்குகிற வேலை ஒன்றும் இல்லை, எல்லாம் தரையில் நின்று நீளக் கழியால் எட்டுகிற உயரம்தான், இரண்டாம் மாடிக்கு மேல் என்றால் நாங்களே வேண்டாம் என்று விடுகிறோம். லாபம் என்று பார்த்தால் வீட்டு வேலையில் நாள் முழுக்கக் குனிந்து வாங்குவதை இதில் மதியத்துக்குள் நிமிர்ந்து நின்று வாங்கிவிடுகிறோம். செலவு என்ன, ஒரு வாளி, ஒரு ரப்பர், இரண்டு துணி, கொஞ்சம் சோப்பு. துடைத்த கண்ணாடியை அழுக்காக்க மழையும் தூசும் இருக்கிறவரை வேலையும் இருக்கும். ஆனால் இது இரண்டு ஆள் வேலை, கழியைத் தூக்க என் கட்டைவிரல் ஒத்துழைக்காது. அவள் உன்னிடம் வந்துவிட்டால் நான் டாக்டரம்மாவிடம் முடியாது என்று சொல்ல வேண்டும். சனிக்கிழமைக்குள் பதில் கேட்டிருக்கிறார். நீயும் டிக்கெட்டுக்குக் காத்திருக்கிறாய்.

அதனால்தான் இப்படி எழுதுகிறேனோ, அவள் போய்விட்டால் எனக்குத் துணையும் போய் வேலையும் போய்விடும் என்றுதான் சொல்கிறேனோ என்று என்னையே நான் கேட்டுப் பார்த்தேன். கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது, உன்னிடம் மறைக்கவில்லை. நீ போன பிறகு மாலையில் ஒரு மூக்குத் தடம்தான் இருந்தது, அவளும் போனால் ஒன்றும் இருக்காது. ஆனாலும் என்னை நீ கணக்கில் எடுக்காதே, எனக்குப் பழைய வீடுகள் இரண்டு இருக்கின்றன, அவர்கள் என்னை விடமாட்டார்கள், என் பாடு நடக்கும். நீ அவள் நல்லதுக்குத்தான் தேடினாய், அண்ணன் என்று ஒருவன் இருப்பது அதற்குத்தான். அவளுக்கு என்ன வேண்டும் என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. மூன்று வாரமாகக் கேட்கிறேன், உம் என்கிறாள், அது ஆமாம் என்கிற உம்மா வேண்டாம் என்கிற உம்மா என்று பெற்ற எனக்கே விளங்கவில்லை. ஆகவே ஒன்று செய்யப்போகிறேன். என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி இந்தத் தாளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போகிறேன், அது இல்லாமல் எனக்கு எழுத்து எறும்பு மாதிரிதான் தெரியும் என்று உனக்கும் தெரியும் அவளுக்கும் தெரியும். இதற்குக் கீழே அவள் என்ன வேண்டுமானாலும் எழுதட்டும். நான் கேட்க மாட்டேன். இரண்டில் எது எழுதினாலும் எனக்குச் சம்மதம், உனக்கும் சம்மதமாக இருக்க வேண்டும்.

அண்ணா, டிக்கெட் போட வேண்டாம். பேச வேண்டாத வேலையாகப் பார்த்து நீ தேடினாய், எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு இங்கே கொஞ்சம் கொஞ்சமாகப் பேச வருகிறது. சனிக்கிழமை டாக்டரம்மாவிடம் நானே போய், வேலையை எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லப்போகிறேன். கண்ணாடிக்கு வெளியே நின்று இல்லை, உள்ளே போய். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகமாட்டேன். பயமாகத்தான் இருக்கிறது. அண்ணியிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல். குட்டிக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கும்போது கண்ணாடியில் சொல்லிக் கொடு, சீக்கிரம் வரும்.

அம்மா வந்துவிட்டேன். நிறைய எழுதியிருக்கிறாள் போலிருக்கிறது, படிக்கவில்லை. என் கண்ணாடியைக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறாள், போட்டுப் பார்த்தால் இத்தனை நாள் இவ்வளவு அழுக்கோடா உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று இருக்கிறது. என்ன எழுதினாய் என்று கேட்கவில்லை. அவளாகத்தான், "சனிக்கிழமைக்கு அந்த நீலச் சட்டையை இஸ்திரி போடணும்மா" என்றாள். எதற்கு என்றும் நான் கேட்கவில்லை.

உன் உடம்பைப் பார்த்துக்கொள், நின்றுகொண்டே சாப்பிடாதே, வேலைக்குப் போகும்போது காதை மூடிக்கொள். மருமகளுக்கும் குட்டிக்கும் உனக்கும் இந்த அம்மாவின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு, நீங்கள் மூவரும் நிறைந்து இருக்க வேண்டும். ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். கடிகாரக்காரர் கேலி செய்த அன்றைக்கே பல்லி நம் ஜன்னலை முழுக்கக் கழுவிவிட்டாள், இடதுபக்க மேல் கண்ணாடி ஒன்றைத் தவிர. நான் அதைத் தொடாதே என்று சொல்லவே இல்லை, அவளாகவே விட்டுவிட்டாள். நீ கிளம்பின அன்றைக்கும் மழை, வண்டி வரக் காத்து நின்றபோது அந்தக் கண்ணாடியில் விரலால் "போய்ட்டு வரேன்" என்று எழுதினாய். காய்ந்ததும் மறைந்துவிட்டது, ஆனால் ஆவி படிகிற நாளில் தெரியும். இப்போது கெட்டில் ஆவியில் தெரிகிறது. இத்தனை வருஷத்தில் "போய்ட்டு" மங்கிப் போயிற்று, "வரேன்" மட்டும் இருக்கிறது. அடுத்த லீவில் மூன்று பேருமாக வாருங்கள், வந்து அந்தக் கண்ணாடியை நீயே துடைத்துவிடு. வாளியும் ரப்பரும் பல்லி தருவாள், உள்பக்கம் இடமிருந்து வலமாக, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா
(கையெழுத்து: பல்லி)